ரெண்டு அறை

பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் பத்திரமாக இருந்தது. தெருவிலும் வேலை பார்த்த இடங்களிலும் அவர் ‘அப்படியே’. முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை, ஆனால் “அப்படியே வந்துட்டாரா?” என்று கேட்டால் யாரைக் கேட்கிறார்கள் என்பது அவருக்கும் தெரியும்.

பெயர் வந்த கதை பழசு. இளம் வயதில் ஒரு அலுவலக வாசலில் மேசை போட்டு மனு எழுதிக் கொடுத்தார். ஒரு நாள் ஒரு பெண்மணி வந்து, “குழாயில தண்ணி வரல. அந்தத் தூங்குமூஞ்சி இன்ஜினியர் வந்து பாக்கறதா சொன்னான், இன்னும் வரல” என்றாள். அவர் எழுதினார்: ‘அந்தத் தூங்குமூஞ்சி இன்ஜினியர் வந்து பார்ப்பதாகச் சொன்னான், இன்னும் வரவில்லை.’ மனு நேராகப் போனது அந்தத் தூங்குமூஞ்சியின் மேசைக்கே. தண்ணீர் வருவதற்கு முன் இவர் மேசைக்கு ஆபத்து வந்தது. “என்னய்யா இப்படி எழுதியிருக்கே?” என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன ஒரே பதில்: “அவங்க சொன்னதை அப்படியே எழுதினேன்.”

பிறகு அச்சகம். கடைத் திறப்பு விழாவுக்கு ஒருவர் நோட்டீஸ் எழுதிக் கொண்டுவந்தார். கடைப் பெயருக்குப் பக்கத்தில் ஓரமாக ஒரு குறிப்பு. நோட்டீஸ் அச்சாகி ஊரெல்லாம் விநியோகமான பிறகுதான் முதலாளி படித்துப் பார்த்தார்: ‘புதிய பாத்திரக் கடை இங்க கொஞ்சம் பெருசா போடுங்க திறப்பு விழா.’ பெரிதாகவும் போடவில்லை என்பதுதான் முதலாளிக்குக் கூடுதல் எரிச்சல்.

இதை முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிடலாம்; பலரும் ஒதுக்கினார்கள். ஆனால் அதற்குள் ஒரு கொள்கை இருந்தது. மற்றவன் சொல்லில் கை வைப்பது அவன் சட்டைப்பையில் கை வைப்பது மாதிரி என்று அவர் உண்மையாகவே நம்பினார். ஒருவர் சொன்னதற்கு என்ன அர்த்தம் என்பது சொன்னவர் பொறுப்பு, கேட்பவர் பாடு. நடுவில் இருப்பவன் பேனா. உலகில் நடக்கும் அநியாயங்களில் பாதி, நடுவில் இருப்பவன் தன் மூளையைச் சேர்ப்பதால் வருவது என்பது அவர் கட்சி. மீதிப் பாதி அவன் சேர்க்காததால் வருவது என்பது அவருக்குத் தோன்றியதில்லை.

மனைவி தையல்காரி. முன்னறை, படுக்கையறை, அடுக்களை எல்லாமாக இருந்த ஒரே கூடத்தில் தையல் மெஷினும் துணி வெட்டும் பலகையும் முக்கால்வாசி இடத்தைப் பிடித்திருந்தன. மகள் அந்தப் பலகைக்கு அடியில்தான் பாடம் படித்தாள். தலைக்கு மேல் கத்தரிக்கோல் ஓடும் சத்தத்தில் பெருக்கல் வாய்ப்பாடு படித்த பிள்ளை அது.

“நீங்க கண்ணாடி மாதிரிங்க” என்பாள் மனைவி, வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டே. “எதிர்ல நிக்கறவங்க மூஞ்சியைத் தவிர உங்ககிட்ட ஒண்ணும் இல்ல.”

அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

வேலைகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, தலையும் நரைத்த பிறகுதான் அந்த வாய்ப்பு வந்தது. ‘வட்டாரக் குழந்தைகளின் தேவை மற்றும் நல்வாழ்வு மதிப்பீடு’ என்று பெயர். தெருவில் அதற்குப் பிள்ளைக் கணக்கு என்று பெயர். வீடு வீடாகப் போக வேண்டும். பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள், அவர்களுக்கு என்ன தேவை என்று கேட்டு எழுத வேண்டும். எது அதிகம் தேவை என்று தெரிகிறதோ அதை அரசாங்கம் செய்து கொடுக்கும். நன்றாக வேலை பார்ப்பவர் ஒருவரை அலுவலகத்திலேயே வைத்துக்கொள்வார்கள் என்றும் பேச்சு.

“இதையும் கெடுத்துக்கிட்டு வந்தீங்கன்னா, அப்புறம் உக்காந்து பொத்தான் தைக்க வேண்டியதுதான்” என்று வழியனுப்பினாள் மனைவி.

பயிற்சி ஒரு கூடத்தில் நடந்தது. மின்விசிறி சுற்றியது, காற்று மட்டும் வரவில்லை. பயிற்சி கொடுத்த அம்மாள் மேசையைத் தட்டிச் சொன்னாள்: “நீங்க எதையும் திருத்தக் கூடாது, சுருக்கக் கூடாது, விளக்கக் கூடாது. ஜனங்க சொன்னதை அப்படியே எழுதணும். உங்க மூளையை வீட்டுலயே வச்சுட்டு வாங்க. நீங்க வெறும் பேனா, புரியுதா?”

அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. வாழ்நாள் முழுக்க எந்தக் குணத்துக்காகத் துரத்தப்பட்டாரோ, அதே குணத்தை ஒருத்தி மேடையில் நின்று கட்டளையாக இடுகிறாள். கையில் இருந்த தேநீரைக் குடிக்க மறந்து உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் தெருவில் இறங்கினார். முதல் கேள்வி சுலபமானது: ‘குழந்தை நலமாக இருக்கிறதா?’ ஆம், இல்லை என்று இரண்டு கட்டங்கள். சுலபமானது என்று நினைத்தவர்கள் கேள்வி எழுதியவர்கள்; அவர்கள் யாரும் எந்தக் கதவையும் தட்டியவர்கள் அல்லர்.

“ஏதோ இருக்கான்” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“நலமா இருக்கான்னு எழுதட்டுமா?”

“சும்மா இருங்க. நலமா இருக்கான்னு எழுதினா கண்ணு பட்டுடும். இல்லன்னு எழுதினா பலிச்சிடும். ரெண்டுக்கும் நடுவுல ஏதாவது இருந்தா போட்டுக்குங்க.”

நடுவில் இருந்தது ஒரு கோடு. அந்தக் கோட்டின் மேலேயே ‘ஏதோ இருக்கான்’ என்று எழுதினார். தெரு முழுக்க அந்தக் கோட்டின் மேல்தான் வாழ்ந்தது என்பது போகப்போகத் தெரிந்தது.

இரண்டாவது கேள்வி: ‘குழந்தைக்கு ஏதேனும் குறை உண்டா?’

“குறையா? எங்க பிள்ளைக்கு நாங்க என்ன குறை வச்சோம்? யார் சொன்னா? எதிர்வீட்டுக்காரி சொன்னாளா?” கதவு பாதி சாத்தப்பட்டது. “அவ வீட்டுல போய் முதல்ல கேளுங்க. அங்க இருக்கு குறை, ஒரு மூட்டை.”

எதிர்வீட்டிலும் அதே பதில், திசை மட்டும் மாறி. ஆகவே அந்தத் தெருவில் ஒரு குறையும் இல்லை, இருந்ததெல்லாம் எதிர்வீட்டில்.

மூன்றாவது கேள்விதான் உயிர்நாடி: ‘உங்கள் குழந்தைக்கு மிகவும் தேவையானது எது?’

ஒரு தகப்பன் நெற்றியில் கை வைத்து, “பெரியவங்க பேச்சைக் கேக்காம கல்யாணம் பண்ணேன்ல, எனக்கு இது தேவைதான்” என்றான். அப்படியே எழுதினார். ஒருத்தி, “அதுக்கு என்ன தேவை, வேளாவேளைக்குக் கொட்டிக்குது” என்றாள். அதையும் எழுதினார். பிறகு லாரி டிரைவர் வீடு.

லாரி டிரைவர் வீட்டில் இருக்க மாட்டார். அவர் மனைவியும் மகளும் இருப்பார்கள். மகளை எல்லோரும் வால் என்றுதான் கூப்பிட்டார்கள். தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் ஏறி, பாதியில் கீழே வந்துவிட்டாள், இறங்கி வரவில்லை. இடது கை மாவுக்கட்டில் இருந்தது. அந்தத் தெருவில் பிள்ளைகள் விளையாட இரண்டே இடங்கள்: நடுரோடு ஒன்று, தண்ணீர்த் தொட்டியின் ஏணி ஒன்று. மழை வந்தால் இரண்டும் இல்லை.

“இவளுக்கு என்ன தேவைன்னா கேக்கறீங்க?” லாரிக்காரர் மனைவி மகளைத் திரும்பிப் பார்த்தாள். வால் மாவுக்கட்டின் மேல் கரியால் மீசை வரைந்துகொண்டிருந்தாள். “ரெண்டு அறை. அதுதான் தேவை. ரெண்டு அறை விட்டா எல்லாம் சரியாப் போயிடும்.”

‘ரெண்டு அறை’ என்று எழுதினார். பின்பாதியை எழுதவில்லை, கட்டத்தில் இடம் இல்லை. வாழ்க்கையில் அவர் ஒருவர் சொல்லைச் சுருக்கியது அந்த ஒரு தடவைதான். அதுவும் கட்டத்தின் குற்றம்.

“என்கிட்ட கேக்க மாட்டீங்களா?” என்றாள் வால்.

“பதில் சொல்றவங்க பெரியவங்களா இருக்கணும்மா. உன் வயசுக்குக் கட்டம் இல்ல.”

“கணக்கு யாரைப் பத்தி?”

“உங்களைப் பத்தி.”

“நல்லா இருக்கு” என்றாள் வால்.

அதற்குள் அம்மா, “பெரியவங்ககிட்ட வாயாடாதே” என்று சொல்லித் தேவையில் பாதியை அப்போதே நிறைவேற்றி வைத்தாள்.

அடுத்தடுத்த வீடுகளில் அதே பதில். ரெண்டு அறை. பள்ளி ஆசிரியை சொன்னாள், வெல்டிங் கடைக்காரர் சொன்னார், இரட்டைப் பிள்ளைகளின் தகப்பன் “ஆளுக்கு ரெண்டு” என்று திருத்தமாகச் சொன்னார். எல்லோரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். சிரிப்பை எழுதக் கட்டம் இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். நம்மிடம் இரண்டு தமிழ் இருக்கிறது. ஒன்றுக்கொன்று அவ்வளவாகப் பேச்சுவார்த்தை இல்லை. வீட்டுத் தமிழில் அறை என்றால் அது கன்னத்தில் விழும். நான்கு சுவர் உள்ளதை ரூம் என்போம். அலுவலகத் தமிழில் ரூம் என்று எழுதினால் மரியாதைக் குறைவு. அங்கே அறை என்றால் நான்கு சுவர், ஒரு கதவு. கன்னம் என்ற உறுப்பே அலுவலகத் தமிழில் கிடையாது. வீட்டுத் தமிழில் சொன்னதை அலுவலகத் தமிழின் வாசலில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார் நம் மனிதர். நடுவில் ஒரு எழுத்து பிசகவில்லை.

அலுவலகத்தில் கணக்குகளைக் கூட்டியவருக்குச் சதவீதம் என்று பெயர். வீட்டில் சாம்பாரில் உப்பு குறைந்தால்கூடச் சதவீதத்தில் சொல்பவர் என்று கேள்வி. அவர் ‘ஏதோ இருக்கான்’ என்பதையெல்லாம் ‘நலம், ஓரளவு’ என்று போட்டார். ‘கொட்டிக்குது’ என்பதைச் ‘சத்துணவு, போதுமானது’ என்று போட்டார். ‘ரெண்டு அறை’யை இடவசதி என்ற தலைப்பின் கீழ் போட்டார். கூட்டிப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பாதிக்கு மேற்பட்ட வீடுகள், ஒன்றோடொன்று பேசி வைத்தது மாதிரி, ஒரே தேவையை ஒரே அளவில் சொல்லியிருந்தன.

இயக்குநர் கூட்டம் போட்டார். “பாருங்க” என்றார், குரல் தழுதழுக்க. “ஜனங்களுக்குப் பேராசைன்னு சொல்வோம். இவங்க மூணு கேக்கல, பத்து கேக்கல. ரெண்டு அறை. எவ்வளவு தெளிவு, எவ்வளவு அடக்கம்! இதுதான் மக்கள் குரல்.” தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், உடைந்த குப்பை வண்டிகள் நிற்கும் இடத்தில், பிள்ளைகளுக்காக இரண்டு அறைகள் கட்டுவது என்று முடிவாயிற்று. பிள்ளைகள் படிக்க ஒன்று, விளையாட ஒன்று. மக்கள் குரலை ஒரு எழுத்துப் பிசகாமல் கொண்டுவந்த ஊழியரை எழுந்து நிற்கச் சொன்னார்கள். கைதட்டினார்கள்.

அவர் எழுந்து நின்றார். கைதட்டல் ஓய்வதற்குள்ளாகவே ஒரு சந்தேகம் வந்தது. அறை என்று இவர்கள் எதைச் சொல்கிறார்கள்?

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். வாயிலிருந்த குண்டூசிகளை அவசரமாகக் கையில் துப்பிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தவள், மெஷின் மேல் தலையை வைத்துச் சிரித்தாள், சுவரில் சாய்ந்து சிரித்தாள். பலகைக்கு அடியிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள்.

“சிரிக்காதே. தப்பு நடந்துபோச்சு. நாளைக்கே போய்ச் சொல்லப்போறேன்.”

சிரிப்பு நின்றது. “என்னன்னு சொல்வீங்க?”

“ஜனங்க கேட்டது அந்த அறை இல்ல, இந்த அறைன்னு.”

“சொன்னா என்ன ஆகும்?”

“அறை கிடையாதுன்னு ஆகும்.”

“எந்த அறை கிடையாதுன்னு ஆகும்? கன்னத்துல விழற அறைக்குப் பஞ்சமே இல்ல, அது தினமும் கிடைச்சுக்கிட்டுதான் இருக்கும். கிடைக்காமப் போகப் போறது இதுதான்.” பலகைக்கு அடியில் கை நீட்டிக் காட்டினாள். “இவ நிமிர்ந்து உக்காந்து படிச்சு எத்தனை நாளாச்சு? உங்க வாய் சும்மா இருக்காதா?”

“நான் எழுதினது பொய்யாயிடுச்சேடி.”

“நீங்க எழுதினது நிஜம்தான். அவங்க படிச்சதுதான் பொய். அதுவும் நல்ல பொய்.”

அவருக்குத் தங்கள் வீட்டுக்குக் கணக்கெடுக்க வேறு ஊழியர் வந்தது நினைவுக்கு வந்தது. “ஆமா, நம்ம வீட்டுக்கு வந்த அம்மாகிட்ட நீ என்ன சொன்னே?”

“நானும் ரெண்டு அறைன்னுதான் சொன்னேன்.”

“நீ எந்த அறையைச் சொன்னே?”

அவள் ஊசியில் நூல் கோத்தாள். “அப்போ இருந்த கோபத்துல ரெண்டையும்தான்.”

அவர் மறுநாள் போய்ச் சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று இருந்தார். இதைக் கோழைத்தனம் என்பதா, விவேகம் என்பதா? இரண்டுக்கும் வெளித்தோற்றம் ஒன்றுதான்; இரண்டும் வாயை மூடிக்கொண்டுதான் இருக்கும். அவருக்கே தெரியவில்லை என்பது மட்டும் உறுதி. சொன்னால் கொள்கை மிஞ்சும், அறைகள் போகும். சொல்லாவிட்டால் அறைகள் நிற்கும், இத்தனை நாள் காப்பாற்றிய கொள்கை போகும். கூடவே வேலையும் எந்தப் பக்கம் சாயும் என்று தெரியாது.

அதற்குள் அலுவலகமே வந்துவிட்டது. இவ்வளவு ஒற்றுமையான பதில் மேலிடத்துக்குச் சந்தேகத்தைக் கிளப்பியிருந்தது. ஊழியர் வீட்டில் உட்கார்ந்தே எழுதிவிட்டாரோ? சரிபார்க்க ஒரு அதிகாரி அம்மாள் வந்தார். சில வீடுகளுக்குப் போய்க் கேட்பார். ஜனங்கள் ஒத்துக்கொண்டால் கட்டட வேலை தொடங்கும். இல்லையென்றால் எல்லாம் ரத்து. எல்லா வீடுகளையும் விட்டுவிட்டு அவர் விரல் வைத்த முதல் வீடு, லாரி டிரைவர் வீடு.

வெயில் கொளுத்திய முற்பகல். அதிகாரிக்கு நாற்காலி போடப்பட்டது. நம் மனிதர் கதவோரம் நின்றார். வாய் திறக்கக் கூடாது என்பது உத்தரவு, பதில் கெட்டுவிடுமாம்.

“உங்க குழந்தைக்கு ரெண்டு அறை தேவைன்னு சொல்லியிருக்கீங்க. நிஜமாவே நீங்க சொன்னதுதானா?”

“ஆமா மேடம். இப்பவும் சொல்றேன்.”

“ஒண்ணு போதாதா?”

“ஒண்ணுல அடங்குற பிள்ளையா மேடம் இது? மூஞ்சியைப் பாருங்க.”

அதிகாரி முகத்தைப் பார்த்துவிட்டு எழுதினார்: ‘ஓர் அறைக்குள் குழந்தை அடங்காது.’

“இப்போ உங்களால எவ்வளவு கொடுக்க முடியுது?”

“ஏதோ என் சக்திக்கு. எனக்கும் கை வலிக்குதில்ல? அவங்க அப்பா லாரியில போனா எப்போ வருவார்னு தெரியாது. வந்ததும் அதுவரைக்கும் சேர்த்து வச்சு மொத்தமாக் கொடுத்துடுவார்.”

“நல்லது. குடும்பத்தோட பங்களிப்பும் இருக்கு.” அதிகாரி வாலின் பக்கம் திரும்பி, பிள்ளைகளிடம் பேசும்போது பெரியவர்களுக்கு வரும் அந்த மெல்லிய குரலில் கேட்டார்: “பாப்பா, உனக்கு ரெண்டு அறை வேணுமா?”

வால் சட்டென்று நல்ல கையால் கன்னத்தை மூடிக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.

“என்னம்மா, பல்வலியா?” என்று கேட்டுவிட்டு, ஓரத்தில் ‘பல் மருத்துவ வசதியும் தேவை’ என்று குறித்துக்கொண்டார்.

நம் மனிதர் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டார்.

“சரி. இனிமே அதை அரசாங்கமே கொடுக்கப் போகுது” என்றார் அதிகாரி. “உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே?”

லாரிக்காரர் மனைவிக்குக் கண் விரிந்தது. “அரசாங்கமா? ஸ்கூல்லயே கொடுக்கக் கூடாதுன்னு சட்டம்னாங்களே?”

“அது பள்ளிக்கூடத்து விஷயம். இது தனி. நாங்க கொடுத்தா ஏனோதானோன்னு இருக்காது. நல்ல உறுதியா இருக்கும்.”

“உறுதியான்னா?”

“ஒரு தடவை கொடுத்தா தலைமுறைக்கும் நிக்கும்.”

“ஐயோ! என் பிள்ளை தாங்காது மேடம்!” அவள் எழுந்துவிட்டாள். வாலை இழுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டாள். “நான் கொடுப்பேன், அது வேற. பெத்தவ, மனசு கேக்காது, கொடுத்த கையாலேயே தடவியும் கொடுப்பேன். வெளியாள் வந்து என் பிள்ளைக்குக் கொடுக்கறதா? எங்களுக்கு ஒண்ணும் வேணாம். ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னேன், அதைப் போய் இந்த மனுசன் அரசாங்கம் வரைக்கும் கொண்டுபோயிட்டாரே!”

அதிகாரி பேனாவை மூடினார். அவர் கோபிக்கவில்லை, கொஞ்சம் மதிப்பாகக்கூடப் பார்த்தார். “இனாமா வாங்க மனசில்லன்னா கட்டாயம் இல்லம்மா. பயனாளியே மறுக்கறாங்கன்னு எழுதிடறேன். ரத்து பண்ணிடலாம்.”

அந்த நேரத்தில் நம் மனிதர் செய்ய வேண்டியது எதுவுமே இல்லை. சும்மா நின்றாலே போதும். உண்மை தன் காலில் தானே நடந்து வந்து ஜெயித்துவிட்டது. அவள் கேட்டது அந்த அறை இல்லை, அதுவும் இப்போது வேண்டாம் என்கிறாள், ரத்து. எல்லாம் அப்படியே. ஒருவர் மேலும் பழி இல்லை. கொள்கைப்படி வாழ்பவனுக்கு இதைவிட வசதியான முற்பகல் வாய்க்காது. அவர் வாலைப் பார்த்தார். அவள் அம்மாவின் இடுப்புக்குப் பின்னாலிருந்து ஒற்றைக் கண்ணால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ரூம்” என்றார்.

இருவரும் திரும்பினார்கள்.

“அம்மா, மேடம் சொல்றது ரூம். தொட்டிக்குப் பக்கத்துல ரெண்டு ரூம். பிள்ளைங்க உக்காந்து படிக்க, விளையாட.”

சொல்லிவிட்டு வாயைக் கையால் பொத்திக்கொண்டார். அடுத்தவர் சொல்லுக்கு அவர் அர்த்தம் சொன்னது அதுதான் முதல் தடவை. திருடிவிட்டு நிற்பவன் முகம் மாதிரி இருந்தது முகம்.

லாரிக்காரர் மனைவி அவரைப் பார்த்தாள். அதிகாரியைப் பார்த்தாள். மெல்ல மெல்ல அவளுக்கு எல்லாம் புரிந்து, புரிந்ததெல்லாம் சிரிப்பாகக் கிளம்பி, சிரிப்பு உதட்டுக்கு வருவதற்குள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். லாரிக்காரனோடு குடும்பம் நடத்துகிறவள். சோதனைச்சாவடியில் எப்படிப் பேச வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“ஆமா, ரூம்தான். நான் அன்னைக்கே அதைத்தானே சொன்னேன்? இவளுக்கு ரெண்டு ரூம் விட்டா எல்லாம் சரியாப் போயிடும்னு.”

“அப்போ தாங்காதுன்னது?”

“அது... கட்டட வேலை நடக்கறப்போ வர்ற தூசி மேடம். இவளுக்குத் தும்மல்.”

வால் உடனே தும்மினாள். அந்தப் பிள்ளைக்கு எதிர்காலம் இருக்கிறது என்று சொல்லலாம். எந்த மாதிரி எதிர்காலம் என்பதுதான் கவலை.

அதிகாரி தாளை நம் மனிதரிடம் நீட்டினார். அடியில் ஒரு வரி அச்சாகியிருந்தது: ‘பதிலளித்தவர் கூறிய பொருளிலேயே மேற்கண்டவை பதிவு செய்யப்பட்டன என உறுதி கூறுகிறேன்.’ கூறிய சொல்லில் என்றிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருப்பார். பொருளில் என்றிருந்தது. பேனாவுக்கு எது பொருள்?

“என்ன யோசனை? எழுதினது நீங்கதானே?”

“ஆமா மேடம். இப்பத்தான் எழுதறேன்” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

அறைகள் எழும்பின. இயக்குநர் திறந்து வைத்து மக்கள் குரலைப் பற்றி மறுபடி பேசினார். அலுவலகத்தில் நிரந்தரமாக வைத்துக்கொள்ளப்பட்டவர் சதவீதத்தின் மைத்துனர். அவர் எந்தத் தெருவிலும் கால் வைத்ததில்லை. நம் மனிதருக்கு அறைகளின் சாவி கிடைத்தது. காலையில் திறந்து, பிள்ளைகள் போன பிறகு பூட்டும் வேலை. மனைவி சொன்ன பொத்தான் தைக்கும் தண்டனையிலிருந்து தப்பித்தார்; அவ்வளவுதான் சொல்ல முடியும். மகள் நிமிர்ந்து உட்கார்ந்து படித்தாள். முதல் சில நாட்கள் கழுத்து வலிக்கிறது என்றாள்.

பிள்ளைகள் அடி வாங்காமல் வளர்ந்தார்கள் என்று முடித்தால் கேட்க நன்றாக இருக்கும். அப்படி ஒன்றும் ஆகவில்லை. கை இருக்கிற வரைக்கும் கன்னமும் இருக்கும். ஆனால் கட்டியவர்கள் கவனிக்காத ஒன்றைப் பிள்ளைகள் முதல் நாளே கவனித்துவிட்டார்கள். தாழ்ப்பாள் உள்பக்கம் இருந்தது.

ஒரு சாயங்காலம் வால் ஓடி வந்தாள். கட்டுப் பிரித்த கை, கால்களுக்கு முன்னால் வந்தது. உள்ளே புகுந்ததும் கதவு சாத்தப்பட்டது, தாழ் விழுந்தது. பின்னாலேயே மூச்சு வாங்க அவள் அம்மா.

“எண்ணெய்ப் பாத்திரத்தைக் கவுத்துட்டு ஓடியா வர்றே? திறடி கதவை! வெளிய வா, உனக்கு ரெண்டு அறை இருக்கு!”

உள்ளே குசுகுசுவென்று பேச்சு. பிறகு வாலின் குரல்: “இங்கேயே ரெண்டு அறை இருக்கும்மா!”

உள்ளே பத்துப் பதினைந்து பிள்ளைகள் ஒன்றாகச் சிரித்தார்கள். லாரிக்காரர் மனைவி ஓங்கிய கையால் கதவில் ஒரு அறை விட்டாள். அரசாங்கக் கதவு, உறுதியாகத்தான் இருந்தது. கையை உதறிக்கொண்டு சாவிக்காரரைப் பார்த்தாள்.

“நீங்க சொன்னா திறப்பாங்கல்ல? சொல்லுங்கண்ணே.”

“என்ன சொல்லணும்?”

“அடிக்க மாட்டேன், வான்னு சொல்லுங்க.”

“அப்படியே சொல்லட்டுமா? இல்ல, நிஜமாவே அடிக்க மாட்டீங்களா?”

அவள் முறைத்தாள். யோசித்தாள். யோசிக்க யோசிக்கக் கால் வலித்தது போல, படியில் உட்கார்ந்தாள். “அது எப்படி இப்பவே சொல்ல முடியும்? வெளிய வந்தப்புறம்தானே தெரியும்.”

“அப்போ கொஞ்சம் பொறுங்க” என்றார் அவர். “தெரிஞ்சதும் சொல்றேன்.”

உள்ளே யாரோ யாருக்கோ எதையோ வாசித்துக்காட்டும் சத்தம் கேட்டது. வாலின் குரல்தான்; தப்பும் தவறுமாக, எழுத்துக் கூட்டி. அவள் அம்மா சிவந்த உள்ளங்கையை மடியில் தேய்த்துக்கொண்டே தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

“இவளுக்குப் படிக்க வருமா?” என்றாள், பாதிக் கோபத்தில். “என்ன படிக்கறா?”

“தெரியலம்மா. கேட்டுச் சொல்லட்டுமா?”

“வேணாம், விடுங்க. கதவைத் தட்டினா நிறுத்திடுவா.”